தம்பியின் சிறுநீரகம்

முல்லா வீதியில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹாஜாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். மூலக்குளத்தில் இருக்கும் தம்பி முஹம்மது ஆரிப்பின் சிறுநீரகம் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்த ஆரிப்பே, "நான் தர்றேண்ணே, நீங்க கவலைய விடுங்க" என்று சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து ஹாஜாவின் கவனமெல்லாம் தம்பியின் உடம்பின்மேல்தான். காலையில் எழுந்ததும் போன் போடுவார். "வெளிய சாப்பிடாத. தலவலின்னு கண்ட மாத்திரய போடாத." தம்பி இருமினால் இவருக்குப் பகீரென்று இருக்கும். தொழுகையில் கையேந்தினாலும் ஒரே துஆதான்: ஆரிப் மனசு மாறாமல் இருக்க வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து ஆஸ்பத்திரிக் குழு இருவரையும் விசாரித்து அனுமதி கொடுக்கும் நாள் வந்தது. ஹாஜாவும் மனைவி ரமீஜாவும் ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்தார்கள். ஆரிப் வரவில்லை. போனை எடுக்கவில்லை. ஒரு மணிக்கு அவன் மனைவி இஃப்ஃபத்திடமிருந்து மெசேஜ் வந்தது. "அவங்களால முடியல அண்ணி. மன்னிச்சிடுங்க."

ஆட்டோவில் வரும்போது ரமீஜா அழுதாள். "வாப்பா போனப்புறம் அவன படிக்க வெச்சது யாரு? கல்யாணம் பண்ணி வெச்சது யாரு? சொல்லுங்க." ஹாஜாவுக்குள்ளும் அதே கேள்விகள்தான், இன்னும் கடுமையான வார்த்தைகளில் ஓடிக்கொண்டிருந்தன.

மாலை அசர் தொழுகையைப் பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுதார். முடித்துக் கையேந்தியபோது கேட்க ஒன்றுமே வரவில்லை. ஐந்து மாதமாகக் கேட்டுவந்த துஆவில் ஆரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. கேட்டது அல்லாஹ்விடம், நம்பியிருந்தது தம்பியை. அது புரிந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. "யா அல்லாஹ், உன்கிட்டயே விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். உடம்பு வலி அப்படியேதான் இருந்தது. நெஞ்சில் இருந்த கோபம் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மூலக்குளத்துக்கு பஸ் ஏறினார். கதவைத் திறந்த இஃப்ஃபத் பயந்து ஒதுங்கி நின்றாள். ஆரிப் தலையைக் குனிந்துகொண்டான். மெலிந்திருந்தான்.

"பயமா இருக்குண்ணே. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வர கால் வரல."

"அத கேக்க வரலடா" என்றார் ஹாஜா. "அஞ்சு மாசமா உன்ன தம்பியா நான் பாக்கல. ஒனக்கு ஜொரம்னா ஆபரேஷன் தள்ளிப்போவுமேன்னுதான் நெனச்சேன். என் உசுர தூக்கிக் கொண்டாந்து உன் தலமேல வெச்சேன். அது நீ சொமக்க வேண்டியதில்ல. குடுத்தவன் பாத்துக்குவான்."

"என்மேல கோவம் இல்லியா?"

"இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு. போயிடும்."

இஃப்ஃபத் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "நல்லா ஜில்லுன்னு இருக்கும்மா" என்று கிளம்பினார்.

அடுத்த வாரமே, இறந்தவர்களின் உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்தார். வருஷக்கணக்கில் ஆகலாம் என்று ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டியலைக் கவனிக்கும் நிர்மலா மேடம் சொன்னார். "ஆவட்டும்மா" என்றார் ஹாஜா. சனிக்கிழமைகளில் ஆரிப் பைக்கில் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆரம்பித்தான். ரமீஜா ஒரு மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு டீ போட்டுக் கொடுத்தாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் விடியுமுன்பே ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். சிறுநீரகம் ஒன்று வந்திருக்கிறது, உடனே வரவேண்டும். ஓடினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அதே சிறுநீரகத்துக்காக வந்திருந்த விழுப்புரத்துக்காரர் ஒருவருக்குத்தான் அது நன்றாகப் பொருந்தியது. ரமீஜா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"இப்ப என்னங்க பண்றது?"

"அந்தாளுக்கு நல்லபடியா ஆவணும்னு துஆ செய். நமக்கு வர்றப்ப வரும். வரலன்னாலும் நம்மள அவன் விட்டுட மாட்டான்" என்றார் ஹாஜா. "பசிக்குது. கேன்டீன்ல உப்பு கம்மியா இட்லி இருக்குதான்னு பாரு."

சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குக் கடையைத் திறந்தார்.