புழு தொடாத மக்காச்சோளம்

ஆயுதபூஜை விடுமுறை முடிந்த காலை, ரெட்டியார்பாளையத்து விதைக் கம்பெனி லேப்பில் புழு அறையைச் செந்தமிழ்ச்செல்வி முதல் ஆளாக வந்து திறந்தாள்.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, உப்பளம் என்ற பகுதியில் ஓர் அறையை இன்னொருத்தியோடு பங்கிட்டுக்கொண்டு இருப்பவள் அவள். வந்ததிலிருந்து ஒரே வேலைதான். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவை மக்காச்சோளத்துக்குள் புகுத்துவது. செடி அதை ஏற்றுக்கொண்டால், தண்டைத் துளைக்கும் புழுவைக் கொல்லும் சரக்கை இலையே செய்துகொள்ளும். மருந்து அடிக்க வேண்டாம். கண்ணாடிப் புட்டிகளில் அவள் வளர்த்த கன்றுகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. பிழைத்தவற்றில் ஆறு செடிகளுக்குள் மரபணு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. அதைப் புழுதான் தின்றுபார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த மாதத்துக்குள் ஒரு செடியாவது தேறவில்லையென்றால் திட்டத்தையே மூடிவிடுவதாக ஐதராபாத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. மூடினால் செல்வி ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆறு செடிகளின் இலைத்துண்டுகளை ஆறு டப்பாக்களில் வைத்து, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழுக்களை விடுமுறைக்கு முன்பே விட்டிருந்தாள். ஏழாவதில் சாதாரண மக்காச்சோள இலை. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

முதல் டப்பாவைத் திறந்தாள். இலை முழுசாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆறாவதைத் திறந்து பார்த்தபோது லேப் தலைவர் புருஷோத்தமன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"ஆறுமா?"

"ஆறும் சார்."

"இப்பவே ஐதராபாத்துல விஜயராகவனுக்கு போன் போடறேன். நம்மள மூடறாங்களாம். வந்து மூடட்டும் பாப்போம்." அவர் தன் அறைக்கு ஓட்டமாகவே போனார்.

புழு வளர்க்கும் தேவதாஸ் வாசலில் சாய்ந்து நின்றார். "பெத்த புள்ளையாட்டம் வளத்து குடுத்தேன். பட்டினி போட்டு கொன்னுட்டியேம்மா. நல்லா இரு."

செல்வி சிரித்துக்கொண்டே ஏழாவதைத் திறந்தாள். சிரிப்பு நின்றது.

அந்த இலையும் முழுசாக இருந்தது. இந்நேரம் நரம்பு மட்டும் மிஞ்சியிருக்க வேண்டிய இலை. புழுக்கள் சுருண்டு கிடந்தன. முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். சாம்பிராணி வாசனை.

விடுமுறைக்கு முந்தின நாள் லேப் பூஜையில், அவள் புழு விட்ட கையோடு, எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாம்பிராணி புகையும் தூபக்காலை அறை அறையாகக் கொண்டுபோனார்கள். கொசுவும் ஒழியட்டும் என்று காய்ந்த வேப்பிலையையும் அதில் அள்ளிப் போட்டவர் புருஷோத்தமன். முக்கியமான அறை என்று இங்கேதான் அதிக நேரம் காட்டினார்.

ஏழாவது டப்பாவை வேறு யாரும் பார்க்கவில்லை. உள்ளறையில் போன் பொத்தான்களின் சத்தம் கேட்டது. மூடியைத் திருப்பி வைத்துவிட்டால் வேலை நிலைக்கும். வீட்டுக்கும் நல்ல சேதி சொல்லலாம். செல்வியின் விரல் மூடியின் மேல்தான் இருந்தது. ஆனால் தன் செடி சாம்பிராணியின் தயவில் ஜெயிப்பதை நினைத்தபோது அவளுக்கு ரோஷம் வந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், போன வைங்க."

அவரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. வைத்துவிட்டார்.

"ஏழாவதும் தின்னல சார்."

"அது சாதா சோளமாச்சே."

"அதான் சார். இலையால சாவல. பொகையால செத்துருக்கு."

"எவன் பொக காட்டுனது?"

"நீங்கதான் முசே," என்றார் பின்னாலேயே வந்த தேவதாஸ். துரையே என்பதை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்ப் பழக்கத்தில், அவர் பிரெஞ்சில்தான் சொல்வார். "வேப்பல வேற. எனக்கே கண்ணு எரிஞ்சி வெளிய ஓடுனேன். புழு எங்க ஓடும்?"

புருஷோத்தமன் நாற்காலியில் சாய்ந்தார். "நீ வாய மூடிக்கினு இருந்தா இந்த மாசம் தப்பிச்சிருப்போம் செல்வி."

"சோளக்காட்டுல நட்டப்புறம் யாரு சார் சாம்பிராணி போடுவாங்க?"

புருஷோத்தமன் போனைத் தள்ளி வைத்துவிட்டு தேவதாஸைப் பார்த்தார். "புதுப் புழு இருக்கா?"

"எம்புழுவுக்கு எந்தச் சாமியும் வாணாம்னு பின்னாடி ரூம பூட்டி வெச்சேன். அதான் முட்டைங்க தப்பிச்சிது."

மறுபடி ஏழு டப்பாக்கள். காத்திருந்த நாட்களில் செல்விக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா போனில், "இன்னுமா அந்தச் சோளத்துக்கு ஊசி போட்டுக்கிட்டு இருக்க?" என்று கேட்டாள்.

"ஊசி இல்லம்மா. வெதையிலயே மருந்து."

"அப்ப மாடு தின்னா?"

"மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுன்னுதாம்மா சொல்றாங்க. அதையும் தனியா பாத்துட்டுதான் வெளிய விடுவாங்க. மொதல்ல இது தேறணும்."

"தேறும். நீ சாப்புடு."

இந்த முறை ஏழாவதைத்தான் முதலில் திறந்தாள். நரம்பைத் தவிர ஒன்றுமில்லை. புழுக்கள் கொழுத்துக் கிடந்தன. நல்லது. பிறகு முதல் டப்பா: சல்லடை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எல்லாம் அதே கதி.

ஐந்தாவதில் இலை பச்சையாக, முழுசாகக் கிடந்தது. ஓரத்தில் ஊசிமுனையளவு இரண்டு கடி. அதற்குப் பக்கத்திலேயே புழுக்கள் செத்திருந்தன. செல்வி டப்பாவை மூக்கருகே தூக்கி மோந்து பார்த்தாள். பச்சை இலை வாசனை மட்டும்தான்.

ஆறாவதும் சல்லடை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

புருஷோத்தமன் ஐந்தாவது டப்பாவின் இலையை வெகுநேரம் பார்த்தார். நம்பரைப் போட்டு, போனை அவளிடமே நீட்டினார். "நீயே சொல்லு."

"ஒண்ணுதானா?" என்றார் ஐதராபாத்தில் விஜயராகவன்.

"ஒண்ணுதான் சார். பக்கத்துல வெச்ச சாதா இலையில புழு நரம்ப மட்டும்தான் விட்டுருக்கு. இதுல ரெண்டே கடி, அதோட செத்துப்போச்சு. யார வேணா அனுப்புங்க சார், அவங்க கையாலயே புழு விட்டு பாக்கட்டும்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "யாரு பண்ண செடிம்மா இது?"

எப்போதும் 'எங்க டீம்' என்று சொல்கிறவள் நிமிர்ந்து நின்றாள்.

"நான் பண்ணது சார்."