புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி

சின்னமனூர் மெயின் ரோட்டில், உரக்கடைக்கு மேல் மாடியில் ஜான்சி பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள். வரிசையாக ஆறு கம்ப்யூட்டர்கள். மூலையில் ஏழாவதாக ஒன்று, அதுதான் சர்வர். கல்யாணத்துக்கு முன் தேனியில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். கீழே உரக்கடையில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவன் அய்யாத்துரையே, வருகிறவர்களிடம் "டீச்சர் மேல இருக்காக, போங்க" என்று சொல்லி அனுப்புவான்.

ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் இணையம் வந்தது ஒரே ஒரு டெலிபோன் லைனில். அத்தனை பேரை அந்த ஒற்றை லைன் தாங்காது என்று, பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஸ்டான்லி கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது பிராக்ஸி என்ற ஏற்பாட்டைச் சர்வரில் செய்துவைத்தான். ஒருவர் பார்க்கும் பக்கத்தைச் சர்வர் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டால், வெளியே போகாமல் உள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கும். 2005 ஜனவரி முழுவதும் பக்கங்கள் பட்பட்டென்று திறந்தன. ஓடைப்பட்டியிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் வேகம் படுத்துவிட்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதே மாதத்தில்தான் கம்பம் ரோட்டில் பள்ளம் தோண்டிக் கேபிள் மாற்றியிருந்தார்கள். அதனால் கோளாறு லைனில்தான் என்று ஜான்சி முடிவே கட்டிவிட்டாள். லைன்மேன் நாகராஜ் இரண்டு முறை வந்து பார்த்தார். இரண்டு முறையும் லைனில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் முறை அவரைக் கூப்பிடாமல் டெலிபோன் ஆபீசுக்குப் புகார் எழுதிக் கொடுத்தாள். 'வேலையில் அக்கறை இல்லாதவர்' என்ற வார்த்தைகளை அவளேதான் யோசித்துப் போட்டாள்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரம். வெள்ளிக்கிழமை காலையில் ரிசல்ட் என்றால், மார்க்கையன்கோட்டை, ஓடைப்பட்டிப் பிள்ளைகள் முதல் பஸ்ஸிலேயே வந்து படியில் நிற்பார்கள். இந்த வேகத்தில் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதே ஜான்சியின் கவலை.

புதன்கிழமை மதியம், கூப்பிடாமலே நாகராஜ் மாடியேறி வந்தார். கையில் டெஸ்டிங் போன், தோளில் பை. ஜான்சிக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஆபீஸ்ல எனக்கு விளக்கம் கேட்டு மெமோ குடுத்திருக்காக டீச்சர்," என்றார். "அதப் பேச வரல. வெள்ளிக்கிழமை ரிசல்ட்டாம்ல. இத இப்படியே விட்டா பிள்ளைக பாடு கஷ்டம்."

லைனைச் சோதித்தார். குறையில்லை. ஆனால் இந்தத் தடவை கிளம்பவில்லை. மோடம் பெட்டிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தகவல் உள்ளே வரும்போது மட்டும் அந்த விளக்கு படபடக்கும். கால் மணி நேரம் போயிருக்கும். ஆளில்லாத ஆறு கம்ப்யூட்டர்களிலும் ஒரே பக்கத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கச் சொன்னார். ஜான்சி திறந்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் கம்ப்யூட்டருக்கு ஐம்பது விநாடி விளக்கு படபடத்தது. இரண்டாவதற்கும் ஐம்பது. ஆறாவதற்கும் அதே ஐம்பது.

"உங்க தம்பி ஏதோ நகல் எடுத்து வைக்கிற மாதிரி செஞ்சிருக்காருன்னு போன தடவ சொன்னீகள்ல," என்றார் நாகராஜ். "நகல் உள்ளுக்குள்ள இருந்தா, ரெண்டாவது ஆளுக்கு லைன் எதுக்கு டீச்சர்?"

மூன்று மாதமாக ஜான்சி தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

உடனே சர்வருக்கு முன்னால் உட்கார்ந்தாள். யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தாள். நகலிலிருந்து கொடுத்திருந்தால் ஹிட் என்றிருக்கும், வெளியே போய் எடுத்து வந்திருந்தால் மிஸ். மேலிருந்து கீழ்வரை மிஸ், மிஸ், மிஸ். பேருக்குக்கூட ஒரு ஹிட் இல்லை. கம்ப்யூட்டர்கள் சர்வரைத் தாண்டி நேரே வெளியே போகின்றனவா என்று பார்த்தாள். அப்படிப் போனால் பதிவில் வரியே விழுந்திருக்காது. டிஸ்க்கில் இடமில்லையா? பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. நகல்கள் இருக்கும் பகுதியில் நுழைந்து தேதிகளைப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. கடைசி நகல் பிப்ரவரி இருபத்துநாலாம் தேதியோடு நின்றிருந்தது.

அன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசித்தாள். ஞாபகம் வந்தது. நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்திருந்த முத்துலட்சுமி என்ற பெண் தேர்வுப் பட்டியல் பார்க்க வந்தாள். சர்வர் முந்தின வாரத்துப் பழைய நகலைக் காட்ட, தன் பெயர் இல்லை என்று அழுதுகொண்டே போனாள். புதுப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஜான்சி பதறிப்போய் ஸ்டான்லிக்குப் போன் செய்தாள். அந்தப் பட்டியல் வரும் ஒரு இணையதளத்துக்கு மட்டும் நகல் வைக்காதே என்று சர்வருக்குச் சொல்ல அவன் போனிலேயே ஒரு வரி சொன்னான். அவள் கேட்டுக் கேட்டுத் தட்டினாள்.

இப்போது அந்த வரியைத் திரையில் எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி தம்பிக்குப் போன் போட்டாள். வரியை எழுத்தெழுத்தாக வாசித்தாள். அவன் இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னான்.

"அக்கா, தளத்துப் பேரு ஆரம்பத்துல புள்ளி வருதுல்ல. அதுக்கப்புறம் எடம் விட்டிருக்கியா?"

"ஆமா. ஒரு எழுத்து அளவு."

ஸ்டான்லி விளக்கினான். இடம் விட்டால் சர்வர் அதை இரண்டு தனித்தனிப் பெயராக எடுத்துக்கொள்ளும். அந்த வரியில் தனியாக நிற்கும் புள்ளிக்கு, எந்த எழுத்தானாலும் சரி என்று பொருள். எழுத்தே இல்லாத முகவரி உலகத்தில் ஏது? அவள் ஒரு தளத்துக்குப் போட்ட தடை, உலகத்துத் தளங்கள் அத்தனைக்குமாக விழுந்துவிட்டது. அன்றையிலிருந்து சர்வர் எதையுமே எடுத்துவைக்கவில்லை. சொன்ன சொல்லைத் தட்டாமல் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜான்சி அந்த இடைவெளியை அழித்தாள். அமைப்பை மறுபடி படிக்கச் சொல்லிச் சர்வருக்குக் கட்டளை கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் அதே பக்கத்தைத் திறந்தாள். முதலாவதற்கு விளக்கு ஐம்பது விநாடி படபடத்தது. இரண்டாவதில் பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. விளக்கு அசையவில்லை. மூன்றாவது, நான்காவது. நாகராஜ் தரையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"தப்பு என் கையிலதாண்ணே இருந்திருக்கு," என்றாள் ஜான்சி. "உங்களப் பத்தி எழுதிக் குடுத்துட்டேனே. மன்னிச்சிருங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எம்மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும். லைன்மேல தப்பில்லன்னு உங்களுக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான் இங்கன உக்காந்தேன்."

மறுநாள் காலையில் டெலிபோன் ஆபீஸ் திறந்ததும் அவள் அங்கே நின்றாள். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், கோளாறு தன் சர்வரில்தான் இருந்ததாகவும், அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர் லைன்மேன் நாகராஜ் என்றும் எழுதிக் கொண்டுபோயிருந்தாள். மெமோ கொடுத்ததோடு விஷயம் முடிந்துவிட்டது, இதெல்லாம் வேண்டாமே என்றார் அதிகாரி. ஜான்சி விடவில்லை. மெமோ இருக்கும் அதே ஃபைலில் இதுவும் இருக்க வேண்டும் என்று சொல்லி, சீல் விழுகிறவரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் மாடிப்படி நிறைய நின்றார்கள். ரிசல்ட் தளத்தின் முகப்பும் படங்களும் சர்வரிலிருந்தே வந்தன. அவரவர் மதிப்பெண் மட்டும்தான் லைனில் வர வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் வந்தவர்கள் எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்கள். ஒரு பெண் கணக்கில் இருநூறு வாங்கியிருந்தாள்; அவளுடைய அப்பா படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோற்றுப்போன இரண்டு பேரை ஜான்சி தன் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர்களோடு ஆறுதலாகப் பேச அன்றைக்கு அவளுக்கு நேரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில், ஆண்டவருக்கு நன்றி சொல்லி எழுதிப் போட்ட ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டுகளைச் சபைப் போதகரான ஐயர் ஒவ்வொன்றாக வாசித்தார். பிள்ளை பாஸானதற்காக, வீட்டுக்குக் கான்கிரீட் போட்டதற்காக, சுகப் பிரசவத்துக்காக. பிறகு ஒரு சீட்டை எடுத்தவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வாசித்தார்: "லைன்மேன் நாகராஜ் அவர்களுக்காகவும், கோபப்படாமல் அவர் மறுபடியும் வந்ததற்காகவும்."

முன்வரிசையில் இரண்டு பேர் யாரென்று திரும்பிப் பார்த்தார்கள். ஜான்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். அந்த வார ஜெபத்தில் அவள் ஆண்டவருக்கு நன்றி மட்டும் சொன்னாள்; எதுவும் கேட்கவில்லை.