பனிமலைக்கு ஆள் சேர்த்தவன்

பெரம்பலூர் கல்யாண மண்டபமொன்றில் அருள்முருகன் இமயமலைப் பயணத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் சத்யப்பிரியா உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் அவள் தம்பி வீரமணியைக் கூட்டிப் போனவன் அவன்தான். உடம்பு அந்த உயரத்துக்குப் பழக நேரமே கொடுக்காமல் மேலே ஏற்றினான். தலை வெடிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று தம்பி கெஞ்சியபோது, "எல்லாருக்கும் அப்படித்தான், நட" என்றானாம். உடனே கீழே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பான். நுரையீரலில் நீர் கோத்து, கூடாரத்திலேயே செத்துப்போனான்.

"நம்ம ஊர்ப் பச்சைமலை ஏறினவங்களுக்கு இது ஒண்ணுமே இல்லீங்க," என்றான் அருள்முருகன்.

சத்யப்பிரியா எழுந்தாள். "என் தம்பியும் பச்சைமலை ஏறினவன்தாங்க," என்று தொடங்கி, நடந்ததையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொல்லி முடித்தாள். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள்.

வாசலில் அவன் ஓடிவந்து மறித்தான். "நான் வேணும்னா செஞ்சேன்? எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்களே அக்கா."

"ஆமா, அதுக்குத்தான் வந்தேன். அடுத்த வாரம் அரியலூர்ல கூட்டமாமே, அங்கயும் வரேன். நீ எங்க போட்டாலும் வருவேன்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும், தம்பி போனதிலிருந்து முதல் முறையாக அவளுக்கு நன்றாகப் பசித்தது.