ரெட்டை முடிச்சு

"தங்கச்சி, மாட்ட அவுத்து வுட்டுட்டுத்தானே வந்தீங்க?" என்று, புயலுக்கு ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் பக்கத்து வீட்டு முஜீப் அண்ணன் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவுத்து உடறதா? நல்லாக் கேட்டீங்க போங்க! கொட்டகைக்குள்ள வடக்கயித்துல ரெட்டை முடிச்சுப் போட்டு, தீவனமும் வெச்சுப்போட்டுத்தான் வந்தேனுங்க."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் காற்றும் மழையும் வந்தால் முதல் வேலை மாட்டைக் கொட்டகையில் இறுக்கிக் கட்டுவதுதான். இறால் பண்ணையில் மோட்டார் பார்க்கும் வேலைக்கு என் வீட்டுக்காரர் மதன்குமார் வேதாரண்யம் பக்கம் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அடம்பிடித்து எங்கள் மாடு செவலையையும் லாரியில் ஏற்றி வந்தவள் நான். இந்தக் கடற்கரையில் புயல் என்றால் மாட்டை அவிழ்த்து விட்டுவிடுவார்களாம். அதுவே மேடு பார்த்துப் போய்விடுமாம். கட்டிக் கிடந்தால் கூரை விழுந்து சாகும், இல்லையென்றால் தண்ணீரில் முழுகும். நேற்றே யாராவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

காலை ஏழு மணியிலிருந்து நாலு ஆண்கள் பள்ளிக்கூடக் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றார்கள். அதில் என் வீட்டுக்காரரும் ஒருத்தர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

பத்தரை மணிக்குக் காற்று சட்டென்று நின்றது. லேசாக வெயில்கூட அடித்தது. "அப்பாடா!" என்றேன். அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான் அப்படிச் சொன்னேன்.

"இன்னும் முடியல தங்கச்சி," என்றார் முஜீப் அண்ணன். "இப்ப புயலோட நடுவுல இருக்கோம். அரை மணி நேரத்துல அந்தப் பக்கத்துலேர்ந்து திரும்பி அடிக்கும். மொதல்ல அடிச்சதவிட மோசமா இருக்கும்."

அதற்குள் என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க?"

"ஓடிப்போயி அவுத்து உட்டுப்போட்டு வாரேன் அம்மணி. பத்தே நிமிசம்."

"மாடு போனாப் போகுதுங்க! உள்ள வாங்க!"

கேட்டால்தானே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. நான் வாசலை விட்டு நகரவில்லை. இருபதாவது நிமிடத்தில் செவலை மட்டும் தலைதெறிக்க ஓடி வந்தது. கழுத்தில் ஒரு முழம் கயிறு. நுனி கத்தியால் அறுபட்டிருந்தது. நான் போட்ட முடிச்சை அவரால் அவிழ்க்க முடியவில்லை. அதிலேயே நேரம் போயிருக்கிறது. அடி பாவி, ஏன்டி அப்படி இறுக்கினாய் என்று என்னையே அறைந்துகொண்டேன்.

அப்போது தெற்கேயிருந்து காற்று இரைந்துகொண்டு வந்தது. முஜீப் அண்ணன் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அவர் கையைக் கடித்தே விட்டேன்.

"அவரு வெளிய இருக்காருங்க!"

"வெவரமானவரும்மா. எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பாரு," என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒதுங்க அங்கே என்ன இருக்கிறது? கொட்டகையைச் சுற்றி வெறும் இறால் குளமும் வரப்பும்தான். மூன்று மணி நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாலியைப் பிடித்த கையை எடுக்கவே பயமாக இருந்தது.

காற்று தணிந்ததும் முழங்கால் தண்ணீரில் முஜீப் அண்ணனும் நானும் போனோம். கொட்டகை இருந்த இடத்தில் ஒரு தூண்கூட நிற்கவில்லை. வரப்பில் ஒற்றைப் பனைமரம் இருந்தது. அதில் மிச்சக் கயிற்றால் இடுப்பையும் நெஞ்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, தலை தொங்கியபடி அவர் நின்றார்.

"ஏனுங்க!"

மெதுவாகக் கண்ணைத் திறந்தார். உதடு வெளுத்திருந்தது.

"நீ போடற ரெட்டை முடிச்சுத்தான் அம்மணி," என்றார். "காத்து எத்தன ஆட்டினாலும் அவுரவே இல்ல."

"இன்னொரு வார்த்தை பேசுனீங்க, கொன்னுபோடுவேன்!" என்று கத்திக்கொண்டே முடிச்சில் கை வைத்தேன். கண்ணீரில் எனக்கு முடிச்சே தெரியவில்லை.