நான்காம் எண்ணில் இருப்பவள்

1

இந்தக் கதை என் துணி துவைக்கும் மெஷினிலிருந்து பிறந்தது. அது நின்றுபோனதால் கம்பெனிக்குப் போன் செய்தேன். தமிழுக்கு நான்கை அழுத்தினேன். ‘எங்கள் தமிழ் அதிகாரிகள் அனைவரும் வேறு அழைப்புகளில் உள்ளனர்’ என்றது பதிவுக் குரல். அனைவரும் என்றால் எத்தனை பேர்? ஒருத்திதான் இருப்பாள் என்று தோன்றியது. மெஷின் இன்னும் ஓடவில்லை. அவள் மட்டும் எனக்குக் கிடைத்துவிட்டாள்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்த லிப்ட் மெக்கானிக்…

(வேண்டாம். மழை பெய்தால் அவன்மேல் இரக்கப்படுவீர்கள். இப்போதைக்கு அவன் அதற்கு லாயக்கில்லை.)

நான்காம் எண்ணில் இருப்பவளின் கணவன் லிப்ட் மெக்கானிக். மனைவியின் அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “போன்ல பேசறதெல்லாம் ஒரு வேலையா?” என்று சொல்லிச் சிரித்தான். அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அக்காவோ, எந்நேரம் கேட்டாலும் “அவ தூங்கறா” என்றாள்.

கடைசியில் கம்பெனிக்கே போன் செய்தான். வேலையில் இருக்கும்போது அவளாக அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, விதி அப்படி. ‘தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது’ என்றது பதிவுக் குரல். அந்த வாரத்தில் அவனிடம் யாரும் அவ்வளவு அன்பாகப் பேசவில்லை.

3

“வணக்கம், மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே. தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?”

“நாந்தான்.”

அவள் பின்னால் மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. குரல் உயர்ந்தால் மட்டும் குறித்துக்கொள்வார்.

“தங்கள் புகாரைத் தெரிவியுங்கள்.”

“வீட்டுக்கு வா.”

“பழுது எப்போது ஏற்பட்டது?”

“உங்க அக்கா வீட்ல நான் சொன்னது தப்பு.”

“என்ன சொன்னீர்கள் என்று தெளிவாகக் கூறுங்கள். இந்த உரையாடல் பதிவாகிறது.”

சொன்னான். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னான். அவன் வீட்டின் ஆளில்லாத ஹாலில் அந்த வாக்கியம் அவன் காதிலேயே வந்து விழுந்தது. சிரிப்பு வரவில்லை.

(முதல் வரைவில் இங்கே அவள் அழுதாள். ஊரார் மெஷின்களின் கோளாறையெல்லாம் காலையிலிருந்து கேட்டவள் இதற்கா அழுவாள்? அந்த வரியை அடித்துவிட்டேன். தண்ணீர் குடித்தாள்.)

“துணியெல்லாம் எப்படித் துவைக்கறீங்க?” என்றாள்.

மேற்பார்வையாளருக்கு வித்தியாசம் தெரியவில்லை. மெக்கானிக்குக்குத் தெரிந்தது. அது கம்பெனித் தமிழ் இல்லை.

“துவைக்கல.”

“அப்ப அந்த நீலச் சட்டையோடவே வேலைக்குப் போறீங்களா?”

“ம்.”

4

காரணம் குறிக்காமல் எந்த அழைப்பையும் முடிக்கக் கம்ப்யூட்டர் விடாது. திரையில் இருந்தவற்றில் ‘நேரில் சென்று பார்க்க வேண்டும்’ என்பதை அழுத்தினாள். வேண்டுமென்றேவா, வேறு வழியில்லாமலா? அவளிடமே கேட்டேன். “சற்றுக் காத்திருங்கள்” என்றாள். இன்னும் இசைதான் கேட்கிறது.

ஞாயிறு காலை, மெக்கானிக் வீட்டு அழைப்பு மணி அடிக்கிறது. ஒரு முடிவில் வாசலில் நிற்பவர் பையும் ஸ்பேனருமாகக் கம்பெனி ஆள்; நன்றாக ஓடுகிற மெஷினைக் காட்டி மெக்கானிக் என்ன விளக்கம் சொல்வான்? இன்னொரு முடிவில் அவள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவது சிரிக்க வைத்தது, இரண்டாவது நிம்மதி தந்தது. இரண்டிலுமே அவன் வாயைத் திறந்ததும் கதை கெட்டுப்போனது.

மணி மறுபடி அடிக்கிறது. தாழ்ப்பாளை விலக்கிவிட்டான். அவன் வாயை நம்பிப் பட்டது போதும். முதல் வார்த்தையை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம், கதவு திறக்கிறது.