ரவா சாப்பிடவில்லை

எங்கள் நாய் ரவா சாப்பிடாமல் கிடந்ததைக் குடியிருப்பில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். குளியலறை வாசலில், என் மனைவி நித்யஸ்ரீயின் செருப்பில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. அவள் விபத்தில் போன பிறகு அந்தச் செருப்பை யாரும் எடுக்கவில்லை.

"வாயில்லா ஜீவன் எப்படி உருகுது பாருங்க தம்பி" என்றார் மாடி வீட்டு பஷீரா அக்கா. படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அழும் முகங்கள் வரிசையாக வந்தன.

நித்யாவின் அம்மா லோகநாயகி அத்தை, காரியத்துக்கு வந்தவர் என்னோடு தங்கிவிட்டார்.

"என் பொண்ணுக்காக இந்த வீட்டுல பட்டினி கிடக்கிறது அது ஒண்ணுதான்."

நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

"ஊறுகாய் வேணுமா?" என்றும் அவரே கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. என் பங்கையும் ரவா செய்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அது தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கி நடந்து, பாதியில் உட்கார்ந்துவிட்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது. போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன்.

"மனசு விட்டுப்போச்சு அதுக்கு. மருந்து என்ன செய்யும்?" என்றபடி அத்தையும் ஏறிக்கொண்டார்.

கேம்ப் ரோட்டில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் கெசியா ரவாவின் காதைத் திருப்பிக் காட்டினார். உள்ளே உண்ணிகள். விரலிடுக்குகளிலும்.

"துக்கத்துல சாப்பிடலைன்னு நினைச்சோம்" என்றேன். "என் மனைவி வளர்த்தது. இப்ப அவங்க இல்ல."

"சாரி சார். துக்கமும் இருக்கலாம். ஆனா இது உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு."

அத்தை ஒப்பவில்லை. "அவ செருப்பு மேலதானே டாக்டர் படுத்திருந்துச்சு?"

"செருப்பு எங்கம்மா இருக்கு?"

"பாத்ரூம் வாசல்ல."

"காய்ச்சல்னா சில்லுனு இருக்கிற தரையைத் தேடும்மா."

அத்தை குனிந்து ரவாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"மாசாமாசம் உண்ணி மருந்து விடுவீங்களா சார்?"

நித்யா விடுவாள். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். பெரிய நாயாக, நோயில்லாததாக, தடுப்பூசி போட்டதாக ஒன்று வேண்டும். குடியிருப்புக் குழுவில் கேட்டேன். அழும் முகங்கள் மறுபடி வந்தன. நாய் வரவில்லை.

கல்லூரி நண்பன் ஷெர்வினை அழைத்தேன். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பட்டறைக்குக் காவல் போல்ட்டு என்ற நாய்.

"மச்சான், போல்ட்டைக் கூட்டிட்டு சேலையூர் வா. ரத்தம் வேணும்."

"இன்னாடா சொல்ற? யாருக்கு?"

"ரவாவுக்கு. தடுப்பூசி போட்டிருக்கியா?"

"அதெல்லாம் கரெக்டா போட்டுகீறேன். ஆனா ஊசியப் பாத்தா டாக்டரையே புடுங்கிடும், சொல்லிட்டேன். தோ, கெளம்பிட்டேன்."

நான் வாசலுக்குப் போனேன். உள்ளே வந்து ரவாவின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஏறியது இறங்க நேரமானது. மறுபடி வாசல். தூரத்தில் வந்த ஒவ்வொரு குட்டி யானை சரக்கு வண்டியும் அவனுடையதாகத் தெரிந்தது. ஒன்றும் நிற்கவில்லை. அவனை அழைத்தேன். மறுபடி அழைத்தேன்.

"பெருங்களத்தூராண்ட மாட்டிகினேன்டா. போல்ட்டே கம்முனு குந்திகினு வருது, உனக்கு இன்னா?"

அத்தை நர்ஸிடம் இடுக்கி வாங்கியிருந்தார். ரவாவின் தலையை மடியில் வைத்து, உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஸ்பிரிட் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க மாப்பிள்ளை."

"முடியல."

"என் பொண்ணு போன அன்னைக்குக்கூட நீங்க இப்படி நடக்கல."

"நான் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சே, அத்தை."

இடுக்கி நின்றது. பிறகு மறுபடி ரோமத்தை விலக்கியது.

வண்டி வந்தது. போல்ட்டு குதித்து இறங்கி முதல் வேலையாக கிளினிக் பலகையில் சிறுநீர் கழித்தது. அதன் ரத்தம் பொருந்தும் என்று பார்த்துச் சொன்னார் டாக்டர். ஷெர்வின் கிரீஸ் துண்டால் அதன் வாயைக் கட்டி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லடா ராஜா" என்று கொஞ்சினான். ஊசி ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டது அவன்தான்.

ரத்தம் சொட்டுச் சொட்டாக ரவாவுக்குள் இறங்கியது. மாலையில் ஈறில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

ரவா வீடு திரும்பியதும் அத்தை குளியலறை வாசலை மருந்து போட்டுக் கழுவினார். செருப்பையும் கழுவி பால்கனி வெயிலில் வைத்தார். பிறகு புது உண்ணி மருந்தை என்னிடம் நீட்டினார்.

"எங்க விடணும்?"

"கழுத்துக்குப் பின்னாடி. அதால நக்க முடியாத இடத்துல."

அவர் ரோமத்தைப் பிரித்துப் பிடித்தார். நான் விட்டேன்.

மதியம் ரவாவுக்குத் தயிர்சாதம் வைத்தார். முகர்ந்தது. ஒரு வாய் தின்றது. பிறகு கிண்ணம் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டும்வரை நக்கியது.

"உங்களை மாதிரியே சாப்பிடுது" என்றார் அத்தை. "ஊறுகாய் வேணுமா?"

வேண்டும் என்று தலையாட்டினேன். என் தட்டிலும் தயிர்சாதம்தான். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன். இறங்கவில்லை.

அத்தை தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய்விட்டார்.