காப்புக் கட்டியிருந்த கை

எண்பத்தொன்றாம் வருஷம் ஆடியும் ரமலானும் சேர்ந்து வந்தன. ராயபுரத்து ஒண்டுக்குடித்தனத்தை விட்டு, பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் கட்டிய சொந்த வீட்டுக்குத் தையல்நாயகி அப்போதுதான் குடிவந்திருந்தாள். வீடு என்றால் நாலு சுவர், கண்ணுகளா. பூச்சு வேலைகூட முடியவில்லை. கணவர் லோகநாதன் விடியற்காலை ரயிலுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அவளுக்குப் பேச்சுத்துணை ஒரே ஆள், பின்வீட்டு ஜஹீரா.

பகலில் இருவரும் ஒயர் கூடை பின்னுவார்கள். சொல்லித் தருவது ஜஹீரா.

“இன்னாக்கா இது, சிவன் கண்ணு முடிச்சு உங்க சாமியோடது. அத நான் வந்து ஒனக்குச் சொல்லித் தரணுமா?”

“சாமி உன் கையிலதான் குடுத்துக்கீது. நான் இன்னா பண்றது?”

“சிரிக்க வைக்காதக்கா. நோன்பு, நாக்கு வறளுது.”

ஆடி இரண்டாம் வெள்ளியன்று தையல்நாயகி அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டாள். இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது, அதற்கான வேண்டுதல். கூழ் ஊற்றிக் காப்பை அவிழ்க்கும்வரை வெளிவீட்டில் சமைத்தது வாயில் படக்கூடாது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று மாமியார் வேறு சொல்லி வைத்திருந்தாள். மஞ்சள் கயிற்றை வளையல்களுக்குள் தள்ளி மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை, பாங்கு சொல்லப்போகிற நேரத்தில் ஜஹீரா தூக்குச்சட்டியோடு வந்தாள். நோன்புக் கஞ்சி.

“கறி போடலக்கா. சட்டியும் புதுசு. ஒனக்குன்னே தனியா காய்ச்சினேன். சூடா குடிச்சுடு.”

வேண்டாம் என்று சொல்ல இவளுக்கு மனசு வரவில்லை. வாங்கிக்கொண்டாள். அம்மனுக்கு விளக்கு எரிகிற வீட்டில் வைத்திருக்கவும் பயம். அவள் போனதும் பின்பக்கம் போய், முருங்கைக்கன்றின் அடியில் ஊற்றினாள்.

“அக்கா, வடைய மறந்துட்டேன்…”

வேலியோரம் ஜஹீரா நின்றிருந்தாள். மண்ணில் கஞ்சி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பாங்குச் சத்தம் கேட்டது. நோன்பு திறக்கப் போகாமல் அவள் அங்கேயே நின்றாள். பிறகு காலித் தூக்கை வாங்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் கூடை பின்ன வரவில்லை.

ஒரு வாரம் கழித்து ஞாயிறன்று கூழ் ஊற்றிக் காப்பை அவிழ்த்த கையோடு தையல்நாயகி பின்வீட்டுக்கு ஓடினாள். கரு கலைந்தது உட்பட எல்லாவற்றையும் கொட்டினாள். ஜஹீராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அன்னிக்கே என்னாண்ட சொல்லக் கூடாதாக்கா? நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்?”

“தப்புதான் ஜஹீரா.”

“சரி, வுடு.”

விட்டுவிட்டாள் என்றுதான் இவளும் நினைத்தாள்.

மறுநாள் ரம்ஜான். தெருவில் எல்லா வீட்டுக்கும் சேமியாப் பாயசம் போயிற்று. இவள் வீட்டுக்கு ஜஹீராவே தட்டு ஏந்தி வந்தாள். தட்டில் வேகாத சேமியா, சர்க்கரை, முந்திரி, ஒரு சீப்பு வாழைப்பழம்.

“நீயே உன் கையால காய்ச்சிக்கோக்கா. ஒனக்கு எப்ப ஆகும், எப்ப ஆகாதுன்னு எனக்குத் தெரியல. சங்கடம் வேணாம்.”

அந்தப் பேச்சில் கோபமே இல்லை, கண்ணுகளா. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது சரிசெய்திருக்கலாம்.

பாயசம் நன்றாகத்தான் வந்தது. ராத்திரி லோகநாதன் ஒரு வாய் குடித்துவிட்டு, “பாய் வூட்டுப் பாயசமா?” என்று ஆசையாகக் கேட்டார்.

“இல்லீங்க. நம்ம வூட்டுது.”